கோஷா ஆஸ்பத்திரியும் கொஞ்சம் வெயிலும்

நான் பிறந்தது கோஷா ஆஸ்பத்திரியில். திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் பக்கம் வளர்ந்தவர்களில் பலர் இதையே சொல்வார்கள். வாசல் பலகையில் கஸ்தூரிபா காந்தியின் பெயர்தான் இருக்கிறது. ஆனாலும் வலி வந்த பெண்ணை ஆட்டோவில் ஏற்றுகிறவர்கள் 'கோஷாவுக்குப் போப்பா' என்றுதான் சொல்கிறார்கள். கோஷா என்றால் என்ன என்று முப்பது வயதுவரை நான் யாரையும் கேட்டதில்லை. ஆற்காடு நவாப் வீட்டுப் பெண் யாருடைய பெயராகவோ இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

கேட்க வைத்தது ஒரு ரத்தப் பரிசோதனை. முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது, ஆறாம் மாதம் எடுத்த பரிசோதனையில் வைட்டமின் டி 9 என்று வந்தது. இருபதுக்கு மேலாவது இருக்க வேண்டும் என்றார் டாக்டர். "வீட்டுக்குள்ளயே இருக்கீங்களாம்மா? தினமும் கொஞ்ச நேரம் வெயில்ல நில்லுங்க." நான் வேலைக்குப் போகிறவள். காலை எட்டு மணிக்குப் பேருந்து, பிறகு திரை போட்ட ஏசி அறை, இரவு ஏழரைக்கு வீடு. எங்கள் அடுக்குமாடியின் மொட்டை மாடி பூட்டியிருக்கும். சாவி சங்கச் செயலாளரிடம். அம்மாவிடம் சொன்னபோது அவர் பதறிப்போனார். "மாசமா இருக்கும்போது வெயில்ல நிக்கறதாவது! குழந்தை கறுத்துடும்." அடுத்த வாரம் குங்குமப்பூ டப்பா வந்து சேர்ந்தது.

ஒருவர் வெயிலில் நில் என்றார். இன்னொருவர் நிற்காதே என்றார். எங்கே நிற்பது, எந்த நேரத்தில் நிற்பது, அந்த நேரத்தில் என் வேலையை யார் பார்ப்பது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. அந்த எரிச்சலில்தான் இந்தக் குறைபாட்டின் பழைய கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேடல் என்னை நான் பிறந்த ஆஸ்பத்திரியின் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியது.

கோஷா என்பது பாரசீகச் சொல். மூலை என்று பொருள். மூலையில் இருக்கிறவள், அதாவது பிற ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் வாழ்கிறவள், கோஷாப் பெண். வட இந்தியாவில் பர்தா என்பதை நம் ஊரில் கோஷா என்றார்கள். 1885இல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவரின் முயற்சியில் தொடங்கிய அந்த மருத்துவமனையின் முழுப் பெயர் 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை'. ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்ட மாட்டார்கள், பொது மருத்துவமனையில் மற்ற சாதியாரோடு படுக்க மாட்டார்கள் என்று கருதப்பட்ட பெண்களுக்காக அது கட்டப்பட்டது. கல்லெறி தூரத்தில் மெரினா. அவ்வளவு வெயிலுக்குப் பக்கத்தில், மூலையின் பெயரால் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி.

மூலையில் வாழ்ந்த பெண்களின் எலும்புகளுக்கு என்ன ஆயிற்று என்பது தனிக் கதை.

*

முதலில் உடம்பின் கணக்கு. நம் தோலில் கொலஸ்ட்ராலின் உறவுப் பொருள் ஒன்று இருக்கிறது. வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிர் பட்டால் அது வைட்டமின் டி ஆக மாறும். பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இரண்டு மாற்றங்களுக்கு உட்பட்டு வேலைக்குத் தயாராகும். அதன் முக்கிய வேலை, சாப்பாட்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏற்றுவது. உணவிலிருந்து கிடைப்பது மிகக் குறைவு. கொழுப்புள்ள மீன், மீன் ஈரல் எண்ணெய், கொஞ்சம் முட்டை மஞ்சள் கரு. மற்றதெல்லாம் வெயில்தான். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. அந்தக் கதிரைக் கண்ணாடி வடிகட்டிவிடும். கறுத்த தோலுக்கு அதே அளவு வைட்டமினை உண்டாக்க இன்னும் கூடுதல் நேரம் வெயில் வேண்டும்.

கருவில் இருக்கும் குழந்தை தன் எலும்புக்காக அம்மாவிடமிருந்து மொத்தம் சுமார் 30 கிராம் கால்சியம் வாங்குகிறது. பெரும்பகுதியைக் கடைசி மூன்று மாதங்களில். வைட்டமின் டி போதாமல் குடல் கொடுக்க முடியாதபோது அம்மாவின் எலும்பு அந்தக் கடனை அடைக்கிறது. பிறகு பால் கொடுக்கும் மாதங்கள். பிறகு அடுத்த கர்ப்பம். பல ஆண்டுகள் இப்படி நடந்தால் எலும்பு மென்மையாகிவிடும். இதற்கு ஆஸ்டியோமலேசியா என்று பெயர். குழந்தைக்கு வந்தால் அதுவே ரிக்கெட்ஸ். முதலில் இடுப்பிலும் தொடையிலும் வலி. பிறகு அன்னம்போல் அசைந்து நடக்கிற நடை. கடைசியில் உடம்பின் பாரம் தாங்காமல் இடுப்பெலும்பு உள்பக்கமாக மடங்கும். குழந்தை வெளியே வரும் வழி அடைபட்டுப்போகும்.

அந்த வழி அடைபட்டால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் ஒருவர் சாக வேண்டும். தாயைக் காப்பாற்ற, உள்ளே இருக்கும் சிசுவின் தலையை உடைத்து எடுப்பார்கள். வயிற்றைக் கிழித்தால் தாய் ரத்தப்போக்கிலோ சீழ் வைத்தோ பெரும்பாலும் இறந்துபோவாள். 1876 மே 21 அன்று இத்தாலியின் பாவியா நகரில் ஜூலியா கவல்லினி என்ற 25 வயதுப் பெண்ணுக்கு எதுவார்தோ போர்ரோ அறுவை செய்தார். அவளது இடுப்பு ரிக்கெட்ஸால் கோணியிருந்தது. குழந்தையை எடுத்த கையோடு கருப்பையையும் வெட்டி எடுத்தார். தாயும் மகளும் பிழைத்தார்கள். 1888 ஏப்ரல் 10 அன்று கிளாஸ்கோவில் கேத்தரின் கோல்கூன் என்ற 27 வயதுப் பெண்ணுக்கு மர்டாக் கேமரன் அறுவை செய்தார். ரிக்கெட்ஸ் அவளை வளரவிடாமல் குள்ளமாக்கியிருந்தது. இந்த முறை கருப்பை தைக்கப்பட்டு உள்ளேயே இருந்தது. அவளும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. பிள்ளைக்கு சீசர் கேமரன் என்று பெயர் வைத்தார்கள்.

சிசேரியனின் வரலாற்றைச் சொல்லும்போது இந்த இரண்டு மருத்துவர்களின் பெயரும் வரும். நவீன சிசேரியனின் முதல் மேசைகளில் படுத்திருந்த இந்த இரண்டு பெண்களும் எப்படி அப்படிக் கோணிப்போனார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கிளாஸ்கோவில் பர்தா இல்லை. கரிப் புகை மூடிய வானம் இருந்தது. ஒருவர் முதுகில் ஒருவர் இருப்பதுபோல் நெருக்கிக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகள் இருந்தன. ரிக்கெட்ஸுக்கு ஐரோப்பாவில் 'ஆங்கிலேய நோய்' என்றே பெயர்.

*

வெயிலுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் பழையது. 1822இல் போலந்தின் யெஞ்செய் ஸ்னியாதெஸ்கி, நகரக் குழந்தைகளை வெயிலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஜப்பானில் மிஷன் மருத்துவராக இருந்த தியோபால்ட் பாம், பல நாடுகளிலிருந்து தகவல் திரட்டி, வெயில் உள்ள இடத்தில் இந்த நோய் இல்லை என்று 1890இல் எழுதினார். யாரும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. கிருமி, பரம்பரை, கெட்ட காற்று, தாயின் அசிரத்தை என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

கேள்வியைத் தீர்த்துவைத்தவர்களில் ஒரு பெண்கள் குழு உண்டு. 1905இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஹேரியட் சிக் விண்ணப்பித்தபோது, ஒரு பெண்ணை எடுக்கும் அசட்டுத்தனம் வேண்டாம் என்று அங்கிருந்த விஞ்ஞானிகள் இருவர் இயக்குநரிடம் முறையிட்டார்கள். எடுத்துக்கொள்ளப்பட்டார். முதல் உலகப் போர் முடிந்து பட்டினியில் கிடந்த வியன்னாவுக்கு 1919இல் அவர் போனார். எல்ஸி டால்யெல், மார்கரெட் ஹியூம், ஹெலன் மக்கே, ஹன்னா ஹெண்டர்ஸன் ஸ்மித் ஆகியோர் அவரோடு வேலை செய்தார்கள். அங்கே குழந்தைகள் மருத்துவமனையின் தலைவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே, ரிக்கெட்ஸைத் தொற்றுநோய் என்று நம்பியவர். ஆனாலும் இவர்களுக்கு இடமும் படுக்கைகளும் கொடுத்தார்.

அவர்கள் செய்தது பொறுமையான வேலை. ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியின் வழக்கமான உணவு. இன்னொரு பகுதிக்கு மீன் ஈரல் எண்ணெயும் சேர்த்து. குளிர்காலத்தில் முதல் பகுதியில் ரிக்கெட்ஸ் வந்தது. இரண்டாம் பகுதியில் வரவில்லை. கோடையில் வெளியே படுக்கவைத்த குழந்தைகளுக்கு எந்த உணவு கொடுத்தாலும் எலும்பு தேறியது. ஆக, எண்ணெயும் வெயிலும் ஒன்றுக்கொன்று மாற்று. அதே நகரத்தில் எலும்பு வலியால் நடக்க முடியாமல் வந்த பெரியவர்களை, பெரும்பாலும் பெண்களை, டால்யெல்லும் சிக்கும் மீன் எண்ணெயால் நடக்க வைத்தார்கள். இதே ஆண்டுகளில் எட்வர்ட் மெல்லன்பி இங்கிலாந்தில் நாய்க்குட்டிகளை வைத்தும், குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி பெர்லினில் புற ஊதா விளக்கை வைத்தும் கதையின் மற்ற பக்கங்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். 1922இல் அமெரிக்காவில் எல்மர் மக்காலம் அந்தப் பொருளுக்கு வைட்டமின் டி என்று பெயர் வைத்தார்.

*

இந்தியாவுக்கு வருவோம். இவ்வளவு வெயில் கொட்டும் நாட்டில் இந்த நோய் எப்படி வரும்? அதே 1922இல் ஹட்சிஸன், ஷா என்ற இரு மருத்துவர்கள் நாசிக் வட்டாரத்தில் கண்டதை எழுதினார்கள். நன்றாகச் சாப்பிடும் வசதியான வீடுகளில், பர்தா கடைப்பிடிக்கும் முஸ்லிம் குடும்பங்களிலும் உயர்சாதி இந்துக் குடும்பங்களிலும் நோய் இருந்தது. காய்ந்த ரொட்டியில் வயிறு கழுவி, பிள்ளையைக் கூடவே வயலுக்குத் தூக்கிப்போன ஏழைப் பெண்களிடம் இல்லை. உணவில் பணக்காரி, வெயிலில் பரம ஏழை.

காஷ்மீரில் ஸ்ரீநகர் பெண்கள் மருத்துவமனையின் பொறுப்பில் இருந்தவர் கேத்லீன் வான். பிரசவம் பார்க்கப்போன வீடுகளில் அவர் பார்த்தவை இருட்டறைகள். வயதுக்கு வந்தவுடன் உள்ளே போன பெண்கள், மடங்கிய இடுப்போடு நாள்கணக்கில் வலியில் கிடந்தார்கள். அதே ஊரில் ஜீலம் ஆற்றிலும் ஏரிகளிலும் படகிலேயே வாழ்ந்து, துடுப்புப் போட்டு, வெயிலில் வேலை செய்த ஹாஞ்சிப் படகோட்டிப் பெண்கள் சுலபமாகப் பெற்றெடுத்தார்கள். ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே குளிர். வேறுபாடு சுவர்தான் என்று வான் முடிவு செய்தார். 1928இல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயரிலேயே பர்தா முறை, தாய்மை, ஒளியின்மை மூன்றும் வந்துவிடும்.

இன்னொரு மருத்துவர் டாக்மார் கர்ஜெல் வில்ஸன். வங்காளத்தின் ஆலைகளில் பெண் தொழிலாளர் நிலையை ஏற்கெனவே ஆராய்ந்து அறிக்கை கொடுத்தவர். பஞ்சாபின் காங்கிரா மாவட்டத்திலும் வட இந்தியாவின் பிற இடங்களிலும் ஆஸ்டியோமலேசியா எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கெடுத்து 1931இல் லான்செட்டில் எழுதினார். அவர் ஒரே காரணத்தில் நிற்கவில்லை. அடைபட்ட வாழ்க்கையோடு உணவின் குறையையும், அடுத்தடுத்த பேறுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருந்தது.

சீனாவில் பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியின் மகப்பேறுத் துறையில் இருந்த பிரஸ்டன் மேக்ஸ்வெல், ஷான்ஸி மாகாணப் பெண்களிடம் இதே நோயைக் கண்டார். அதுவரை கருவிலிருக்கும் குழந்தை அம்மாவை உறிஞ்சித் தன்னைக் காத்துக்கொள்ளும் என்றே பலர் நம்பினார்கள். ஆஸ்டியோமலேசியா உள்ள தாய்க்கு ரிக்கெட்ஸோடே குழந்தை பிறக்கும் என்று அவர் 1930களில் காட்டினார். அம்மாவின் கஜானா காலியென்றால் பிள்ளைக்கும் கிடையாது.

*

இதையெல்லாம் படித்தபோது முதலில் மகிழ்ந்தேன். பெண்களை உள்ளே பூட்டிவைத்தால் எலும்பே மடங்கும் என்று பெண் மருத்துவர்கள் ஆதாரத்தோடு எழுதிவைத்திருக்கிறார்கள். எங்கள் தரப்புக்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டுமா? ஆனால் மறுபடி படித்தபோது சில விஷயங்கள் உறுத்தின.

வானின் புத்தகம் வெளிவந்ததற்கு முந்தைய ஆண்டுதான், 1927இல், கேத்தரின் மேயோவின் 'மதர் இந்தியா' வெளிவந்தது. இந்தியர்கள் தங்கள் பெண்களை நடத்தும் விதத்தைக் காட்டி, இவர்கள் சுயராஜ்யத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று வாதாடிய புத்தகம் அது. அந்தக் காற்றில் பர்தாவின் எலும்பு ஒரு நோயாக மட்டும் படிக்கப்பட்டிருக்க முடியாது. ஒரு நாகரிகத்தின் மீதான தீர்ப்பாகவும் ஆகிவிடும். கிளாஸ்கோவில் இடுப்பு கோணினால் அது வறுமை, நகரம், புகை. ஸ்ரீநகரில் கோணினால் அது மதம், வழக்கம், அறியாமை. எலும்பில் நடப்பது ஒன்றுதான். குற்றப்பத்திரிகை இரண்டு.

இன்னொன்று. வெள்ளைக்காரப் பெண் மருத்துவர்களுக்கு இந்தியாவில் வேலையும் பதவியும் கிடைக்கப் பெரிய காரணமே பர்தாதான். இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்களை அளிக்க டஃப்ரின் நிதி தொடங்கியது 1885இல். சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி தொடங்கிய அதே ஆண்டு. தாய்நாட்டில் பெரிய மருத்துவமனைகளின் கதவு அவர்களுக்கு எளிதில் திறக்காத காலம். மூலையில் இருந்த பெண்ணின் அறைக்குள் நுழைய முடிந்தது என்பதே அவர்களுடைய தகுதியாயிற்று. அதனால் அவர்கள் கண்டது பொய்யாகிவிடாது. ஆனால் மூலையில் கிடந்தவள் என்ன சொன்னாள் என்பது அந்தப் பக்கங்களில் அரிதாகவே கேட்கிறது. அவள் அங்கே இடுப்பளவாக, பேறுகளின் எண்ணிக்கையாக, சாவாக இருக்கிறாள்.

கடைசியாக, வெயிலில் இருந்த பெண். நாசிக்கின் ஏழைத் தாயும் காஷ்மீரின் படகோட்டியும் இந்தக் கதையில் நல்ல எலும்புக்கு உதாரணமாக வந்து நிற்கிறார்கள். அவர்கள் வெயிலில் நின்றது சுதந்திரத்தால் இல்லை, கூலிக்காக. நம் ஊரிலும் நாற்று நட்ட தலித் பெண் கோஷா இருக்க முடியாது. அவளை மறைத்து வைக்கும் மானம் யாருக்கும் தேவைப்படவில்லை. மேல்சாதிப் பெண்ணின் நிழல், வெளி வேலை செய்ய இன்னொருத்தி இருந்ததால் கிடைத்தது. அந்த நிழல் அவளுக்கு மதிப்பைக் கொடுத்தது, இடுப்பெலும்பை வாங்கிக்கொண்டது. வெயில் மற்றவளின் எலும்பைக் காத்தது. அவள் உடம்பின் மீதி எல்லாவற்றையும் வேலை தின்றது. 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும்' என்ற அந்தப் பெயரை இப்போது படித்தால், பெயரில் இல்லாதவளும் சேர்ந்தே தெரிகிறாள்.

*

கதை கிளாஸ்கோவுக்குத் திரும்பியது. இந்த முறை எங்களைப் போன்ற தோல் உள்ள பெண்களோடு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அரசு மார்கரினில் வைட்டமின் டி சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மீன் எண்ணெய் கொடுத்தது. ஆங்கிலேய நோய் ஆங்கிலேயரிடம் ஏறக்குறைய மறைந்தது. யாரும் அவர்களைப் பார்த்து வெயிலில் நில், உன் உணவுப் பழக்கம் சரியில்லை என்று சொல்லித் திருத்தவில்லை. அவர்கள் ஏற்கெனவே தின்ற பொருளுக்குள் மருந்தை வைத்துக் கொடுத்தார்கள்.

1962இல் கிளாஸ்கோவில் மேத்யூ டன்னிகனும் சக மருத்துவர்களும் பாகிஸ்தானியக் குடும்பங்களில் ரிக்கெட்ஸையும் ஆஸ்டியோமலேசியாவையும் கண்டு எழுதினார்கள். அதன்பின் நோய்க்குப் புதுப் பெயர் வந்தது: 'ஆசிய ரிக்கெட்ஸ்'. கறுத்த தோல், வடக்கின் மங்கிய சூரியன், வீட்டுக்குள் கழியும் நாள்கள், மார்கரின் தொடாத சமையல், எல்லாம் சேர்ந்து வந்தது. இவர்கள் தின்றது சப்பாத்தி. அப்படியானால் சப்பாத்தி மாவில் வைட்டமின் சேர்க்கலாமே? சேர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் அளவு கூடுகிறது என்று 1976இல் ஒரு சோதனை காட்டியது. ஆனால் 1980இல் அரசின் நிபுணர் குழு வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 1950களில் அளவு கூடிப்போய்ச் சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறிய அனுபவம் அந்நாட்டுக்கு இருந்தது. அந்த அச்சம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மார்கரினில் தொடர்ந்து சேர்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அதே 1980இல் லண்டனில் ஆசியக் கர்ப்பிணிகளிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு வெளியானது. கடைசி மூன்று மாதங்களில் 59 பேருக்குத் தினம் 1,000 யூனிட் வைட்டமின் டி. 67 பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. மருந்தில்லாத மாத்திரை பெற்றவர்களின் குழந்தைகளில் ஐந்துக்குக் கால்சியம் குறைந்து அறிகுறிகள் வந்தன. எடை குறைந்த குழந்தைகளும் அந்தப் பக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்த ஆண்டு அரசு 'ரிக்கெட்ஸை நிறுத்துவோம்' என்று பிரச்சாரம் தொடங்கியது. ஆசியத் தாய்மார்களுக்கு எதைச் சாப்பிட வேண்டும், எப்படி வாழ வேண்டும் என்று அறிவுரை. ஆங்கிலேயத் தாய்க்கு மார்கரின், ஆசியத் தாய்க்குப் புத்திமதி. ரொபர்ட்டா பிவின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 2007இல் எழுதிய கட்டுரைக்கு, ஆங்கிலேய நோயா ஆசிய ரிக்கெட்ஸா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்தார்.

*

இனி என் 9-க்கு வருகிறேன். நான் தனி ஆள் இல்லை. 2005இல் லக்னோவில் 207 கர்ப்பிணிகளைச் சோதித்த ஆய்வில் 84 சதவீதத்தினருக்குக் குறைபாடு. நகரத்துப் பெண், கிராமத்துப் பெண் என்ற வித்தியாசமே கிட்டத்தட்ட இல்லை. கிராமத்துப் பெண் என்றால் வெயிலில் இருப்பாள் என்ற நம் நினைப்பு அங்கே உடைந்தது. மைசூரில் நடந்த ஆய்வில் மூன்றில் இரண்டு பங்குக் கர்ப்பிணிகளுக்குக் குறைவு.

இதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. மைசூர் ஆய்வில் அந்தக் குறைவுக்கும் கர்ப்பகாலச் சர்க்கரைக்கும், குழந்தையின் அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை. எல்லாக் கர்ப்பிணிக்கும் வைட்டமின் டி கட்டாயமாகக் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் 2020இல்கூடப் பரிந்துரைக்கவில்லை. குறைபாடு உள்ளவர்களுக்கே கொடுக்கச் சொல்கிறது. எலும்பு வலி, தசைச் சோர்வு, பிறந்த குழந்தைக்கு வலிப்பு என்பதெல்லாம் கடுமையான குறைபாட்டின் விளைவுகள். மாத்திரை மலிவு, வேண்டியவர்கள் மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிட வேண்டியதுதான். நானும் சாப்பிட்டேன். பாலில் கலக்கிய அந்தப் பொடி என் மகளுக்கும் எனக்கும் நல்லது செய்தது.

என் வழக்கு 'வெயிலில் நில்' என்ற அறிவுரையோடுதான். திருப்பதியில் செய்த ஆய்வுகளின்படி நம் பக்கத்து வெயிலில் வைட்டமின் டி அதிகம் உண்டாகும் நேரம் பகல் பதினொன்று முதல் இரண்டு வரை. எல்லோரும் சொல்லும் காலை இளவெயில் இதற்கு அவ்வளவாக உதவாது. பதினொன்றிலிருந்து இரண்டு வரை ஒரு பெண் எங்கே இருக்கிறாள்? அடுப்படியில். அலுவலகத்தில். கார்மென்ட்ஸ் ஆலையின் தையல் வரிசையில். பஞ்சாலை விடுதிக்கும் ஆலைக்கும் நடுவே வண்டியில் ஏற்றி இறக்கப்படும் ஷிஃப்டில். அந்த நேரத்தில் கைகாலைத் திறந்து அரைமணி நேரம் சும்மா நிற்க அவளுக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை, நின்றால் பார்க்கிறவர்கள் விடுவதும் இல்லை. கோஷாவின் திரை போய்விட்டது. மூலை மட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் ஆறு வீட்டில் வேலை செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்கு எந்நேரமும் இடுப்பு வலி. என் பொட்டலத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார், சொன்னேன். "நமக்கெல்லாம் அது வராதும்மா, நாங்க வெயில்ல கிடக்கிறவங்க" என்றார். காலை ஆறரைக்கு உள்ளே வந்தால் மாலை நான்குக்குத்தான் வெளியே போகிறார். ஒரு சமையலறையிலிருந்து இன்னொரு சமையலறைக்கு, லிஃப்ட் வழியாகக்கூட இல்லை, உள்படிக்கட்டு வழியாக. ஏழை என்றால் வெயிலில் இருப்பாள் என்பதை அவரும் நம்புகிறார். அவரை யாரும் பரிசோதித்ததில்லை. அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு திங்கள்கிழமை நானும் கூடப் போனேன். அவருடைய அளவு என்னுடையதைவிடக் குறைவாக இருந்தது.

அதன்பிறகுதான் மொட்டை மாடிச் சாவியைக் கேட்டு எழுதிக்கொடுத்தேன். தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, குழந்தைகள் விழுந்துவிடும், எதிர்க் கட்டடத்திலிருந்து ஆண்கள் பார்ப்பார்கள் என்று செயலாளர் காரணம் சொன்னார். மூன்றாவது காரணத்தைக் கேட்டதும் எனக்கு 1885 ஞாபகம் வந்தது. கூட்டத்தில் எட்டுப் பெண்கள் கையெழுத்துப் போட்டோம். இப்போது சனி, ஞாயிறு பதினொன்றரைக்கு மாடி திறக்கிறது. வேலை செய்யும் அக்காவும் வருகிறார்; வேலை செய்கிறவர்கள் மாடிக்கு வரலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது, அதற்கும் ஒரு கூட்டம் போட வேண்டியிருந்தது.

வாரத்தில் இரண்டு நாள் போதாது என்று எனக்குத் தெரியும். மற்ற ஐந்து நாளுக்கு மாத்திரை இருக்கிறது. என் மகள் மாடியில் வெறுங்காலோடு ஓடுகிறாள். கறுத்துவிட்டாள் என்று அம்மா சொல்கிறார். ஆமாம், கறுத்துத்தான் விட்டாள்.